வேண்டாம் என்று சொல்வது

இஞ்ஞாசி வாழ்நாள் முழுக்கக் கப்பலில் ரேடியோ ஆபரேட்டர் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்று வந்தபின், தன் மகளைவிடச் சற்றே மூத்த ஒரு பெண்ணிடம் மாணவராகச் சேர்ந்தார். ஊரில் சிரித்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை.

அந்தப் பெண்ணின் பெயர் அமலோற்பவம். எல்லாருக்கும் டீச்சர். மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால் மூடிக்கிடந்த ஐஸ் பிளான்ட் ஒன்றைப் பட்டறையாக்கி, படகுகளில் மாட்டும் பெட்டிகளைச் செய்துவந்தார்.

பெட்டி இரண்டு உள்ளங்கை அகலம்தான். படகு எங்கே நிற்கிறது என்று காட்டும். காற்று எச்சரிக்கை வந்தால் கூவும். மேலே சிவப்பு மூடி போட்ட பொத்தான் ஒன்று உண்டு. ஆபத்தில் அதை அழுத்தினால், உள்ளிருக்கும் சாட்டிலைட் கருவி கரைக்கு அபயச் செய்தி அனுப்பும்.

படகுகள் கடலுக்குப் போகாத அந்த மீன்பிடித் தடைக்காலத்தில் புது வகைப் பெட்டி ஒன்று தயாரானது. விலை குறைவு, நினைவகமும் குறைவு. அதற்குப் புதிதாக ஒரு கர்னல் கட்ட வேண்டியிருந்தது.

கர்னல் என்பது இயங்குதளத்தின் நடுப்பகுதி. பெட்டியில் உள்ள ஒவ்வொரு கருவியையும் எழுப்புவதும் வேலை வாங்குவதும் அதுதான். கட்டுவதற்கு முன்னால் அது கேள்வி கேட்கும். இந்தக் கருவியை இயக்கத் தெரிந்திருக்க வேண்டுமா? இந்த வேலை தேவையா? வேண்டும், வேண்டாம் என்று பதில் சொல்லிக்கொண்டே போக வேண்டும். ஆயிரக்கணக்கான கேள்விகள். பதில்களெல்லாம் ஒரு கோப்பில் சேரும். கான்ஃபிக் என்பார்கள். அதில் கண்டபடிதான் கர்னல் உருவாகும். வேண்டாம் என்று சொல்லப்பட்ட கருவி பெட்டிக்குள்ளேயே இருந்தாலும், கர்னலுக்கு அது பிறக்கவே இல்லை.

"இந்தத் தடவை நீங்க எழுதுங்க அண்ணாச்சி" என்றார் டீச்சர்.

இஞ்ஞாசிக்கு நெஞ்சு குளிர்ந்தது. உடனே கலங்கவும் செய்தது. தடைக்காலம் முடிந்ததும் புதுப் பெட்டியோடு முதலில் கடலுக்குப் போகும் படகு அவருடைய மருமகன் சகாயராஜுடையது.

சகாயராஜ் அன்று பட்டறைக்கே வந்திருந்தான். "மாமா, நல்லா எழுதும். தப்பா எழுதினா நீர்தான் உம்ம மகளுக்குப் பதில் சொல்லணும். எனக்கு ஒண்ணுமில்ல, நான் கடலுக்குள்ள கிடப்பேன்" என்று சிரித்தான்.

"வாயைக் கழுவும் மாப்பிள்ளை" என்றார் இஞ்ஞாசி.

அவன் போனபின் அவர் டீச்சரைக் கேட்டார்.

"எதுக்கெல்லாம் வேண்டாம்னு சொல்லணும் டீச்சர்?"

"எழுதிப் பாருங்க" என்றார் டீச்சர்.

*

இஞ்ஞாசி எழுத உட்கார்ந்தார். கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. அவர் பெயரே கேள்விப்படாத கருவிகள். எந்தத் தேசத்திலோ யாரோ செய்து, யாரோ வாங்கி, தூக்கி எறிந்த கருவிகள். எல்லாவற்றுக்கும் ஒரு கேள்வி இருந்தது. ஒன்றுக்கு வேண்டும் என்றால் அதன் பின்னால் ஒளிந்திருந்த பத்துக் கேள்விகள் எழுந்து நின்றன.

சில நாட்களில் கண் எரிந்தது. அவருக்கு இழுப்பு நோய் உண்டு. கவலை கூடினால் நெஞ்சும் இழுக்கும். அடிக்கடி பம்ப்பை எடுத்து மருந்தை உறிஞ்சினார்.

அப்போது ஒரு குறுக்குவழி கண்ணில் பட்டது. கர்னலோடு வரும் கட்டளைதான், கள்ளத்தனம் ஒன்றும் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தை அது பார்க்கும். இந்த நேரத்தில் எவையெல்லாம் வேலை செய்கின்றன என்று கணக்கெடுக்கும். அவற்றுக்கு மட்டும் வேண்டும் போடும். மற்ற எல்லாவற்றுக்கும் வேண்டாம்.

இஞ்ஞாசி பழைய பெட்டிகளின் பெரிய கர்னலைப் புதுப் பெட்டியில் எப்படியோ திணித்து மேசைமேல் ஓடவிட்டார். கட்டளையைக் கொடுத்தார். டீ ஆறுவதற்குள் கான்ஃபிக் தயார்.

கட்டிய கர்னல் சிட்டுக்குருவி போல இருந்தது. சுவிட்சைப் போட்டதும் பெட்டி விழித்துக்கொண்டது. தான் இருக்கும் இடத்தைக் காட்டியது. எச்சரிக்கைக்குக் கூவியது.

பட்டறையில் சால்டரிங் வேலை பார்க்கும் இசக்கி ஓடிவந்து பார்த்தான். "அண்ணாச்சி, உங்க வயசுக்கு இந்த ஓட்டம் ஆகாது. எங்க பொழப்பைக் கெடுத்துருவீங்க போல."

"வயசு காலுக்குத்தான்ல, தலைக்கு இல்ல" என்றார் இஞ்ஞாசி. குரலில் பெருமை இருந்தது.

டீச்சர் பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"யாரைக் கேட்டு எழுதினீங்க அண்ணாச்சி?"

"பெட்டியையே கேட்டேன்."

"கேக்கும்போது அது என்ன செஞ்சுக்கிட்டு இருந்துச்சு?"

"மேசைமேல சும்மா கிடந்துச்சு."

டீச்சர் பெட்டியைக் கீழே வைத்தார்.

"சாப்பிட்டுட்டுக் கொஞ்சம் படுங்க. நாலு நாளா நீங்க கண்ணை மூடலை."

*

பட்டறையை ஒட்டி ஓர் அறை இருந்தது. மதியம் இஞ்ஞாசி அங்கேதான் படுப்பார். அன்று பாரம் இறங்கியவர் போலத் தூங்கினார்.

எழுந்து கையை நீட்டினார். மூக்குக் கண்ணாடி இல்லை. துழாவினார். ஆணியில் தொங்கிய சட்டை இல்லை. தண்ணீர்ச் செம்பு இல்லை. செருப்பு இல்லை. குடை, பை, ஜெபமாலை எதுவும் இல்லை. அறை துடைத்து வைத்ததுபோல் இருந்தது. பாயும் தலையணையும் அவரும்தான் மிச்சம்.

சட்டைப் பையில்தான் பம்ப் இருந்தது. அது நினைவுக்கு வந்ததும் நெஞ்சு பிடிக்கத் தொடங்கியது.

"இசக்கி! ஏய் இசக்கி! திருடன் வந்திருக்காம்ல!"

கதவைத் திறந்தார். வாசற்படியில் ஓர் உருவம் உட்கார்ந்திருந்தது. கண்ணாடி இல்லாததால் முகம் தெரியவில்லை. அந்த உருவம் எழுந்து அவர் கையில் பம்ப்பை வைத்தது.

அவர் உறிஞ்சினார். மூச்சு வந்தது. பிறகுதான் கோபம் வந்தது.

"யாருல அது?"

"நான்தான் அண்ணாச்சி" என்றார் டீச்சர்.

"என்ன டீச்சர் இது? என் சாமானெல்லாம் எங்கே?"

"நீங்க தூங்கையில வந்து பாத்தேன். அப்ப உங்களுக்குப் பயன்பட்டுக்கிட்டு இருந்தது பாயும் தலையணையும்தான். மத்ததை எடுத்து வெளியில வச்சுட்டேன்."

இஞ்ஞாசி வெறும் பாயைத் திரும்பிப் பார்த்தார்.

டீச்சர் கண்ணாடியையும் கொடுத்தார். இஞ்ஞாசி அதை மாட்டிக்கொண்டு, சட்டைகூடப் போடாமல் மேசைக்குப் போனார். பெட்டியின் சிவப்பு மூடியைத் திறந்து பொத்தானை அழுத்தினார்.

ஒன்றும் நடக்கவில்லை.

மறுபடி அழுத்தினார். பெட்டி தன் இடத்தை அமைதியாகக் காட்டிக்கொண்டே இருந்தது.

பேட்டரி தீர்ந்துவிடக் கூடாது என்று சாட்டிலைட் கருவியை எப்போதும் அணைத்தே வைத்திருப்பார்கள். பொத்தானை அழுத்தினால்தான் அது எழும். இஞ்ஞாசி கட்டளை கொடுத்த நேரத்தில் அது தூங்கிக்கொண்டிருந்தது. குறுக்குவழி அதைப் பார்க்கவில்லை. வேண்டாம் போட்டுவிட்டது.

அவர் பொத்தானிலிருந்து விரலை எடுத்தார். சகாயராஜின் விரல் அதன்மேல் இருப்பதுபோலத் தோன்றியது.

இசக்கி அவருடைய செருப்பையும் குடையையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தான். கேலி பேச வந்தவன், முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினான்.

*

பயந்தவர் அடுத்துச் செய்வதைத்தான் இஞ்ஞாசியும் செய்தார். எல்லாக் கேள்விக்கும் வேண்டும் என்றார்.

இதற்கும் ஒரு கட்டளை உண்டு. கர்னல் கட்டி முடிய ஒரு பகல் ஆனது. புதுப் பெட்டியின் நினைவகத்தில் அது அடங்கவே இல்லை. பழைய பெட்டியில் ஏற்றிப் பார்த்தார்கள். ஏறியது. சுவிட்சைப் போட்டுவிட்டு இசக்கி டீக்கடைக்குப் போய்வந்தான். பெட்டி இன்னும் விழித்து முடியவில்லை.

"ஊரையே கூட்டிக்கிட்டுப் பொண்ணு பாக்கப் போன மாதிரியில்லா இருக்கு" என்றான். "எல்லாரும் வேன்ல ஏறி முடிக்கிறதுக்குள்ள பொண்ணுக்கு வேற இடத்துல கல்யாணம் முடிஞ்சிரும்."

இஞ்ஞாசி சிரிக்கவில்லை. "படகு கவிழப் போகுதுன்னா கருவி எந்திரிக்க இவ்வளவு நேரமா ஆகும்?" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

டீச்சர் அவர் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, பம்ப் எங்கே வச்சிருக்கீங்க?"

அவருக்குச் சுருக்கென்றது. "சட்டைப் பையில."

"அந்தப் பையில வேற என்ன வச்சிருக்கீங்க?"

"ஒண்ணும் வைக்கிறதில்ல."

"ஒரு பேனா? துண்டுச் சீட்டு? சில்லறை?"

"கிடையாது. மூச்சு முட்டும்போது கை வேற எதுலயும் போய் விழக் கூடாது இல்லா?"

சொல்லி முடித்ததும் அவர் நிமிர்ந்து பார்த்தார். டீச்சர் எழுந்து தன் வேலையைப் பார்க்கப் போயிருந்தார்.

*

மூன்றாவது முறை இஞ்ஞாசி எந்தக் கட்டளையையும் நம்பவில்லை.

பெட்டியைச் சும்மா கிடக்க விடவில்லை. பேட்டரியைக் கடைசிச் சொட்டுவரை வடியவிட்டுப் பார்த்தார். வெயிலில் தகரத்தின்மேல் வைத்தார். ஐஸுக்குள் புதைத்தார். உப்புத் தண்ணீர்த் தொட்டியில் முக்கினார். தலைகீழாகத் தொங்கவிட்டு ஆட்டினார். அப்படி ஒவ்வொன்று செய்யும்போதும் உள்ளே எது விழிக்கிறது, எதை எது கூப்பிடுகிறது என்று பார்த்தார். அதன்பிறகுதான் வேண்டும், வேண்டாம் என்றார்.

"பெட்டிக்குப் பேய் ஓட்டுறீங்களா அண்ணாச்சி?" என்றான் இசக்கி.

"பேய் வந்தா என்ன பண்ணும்னு பாக்குதேன்."

கோப்பு மெல்ல வளர்ந்தது. கர்னல் புதுப் பெட்டியில் அடங்கியது. சீக்கிரம் விழித்தது. சிவப்புப் பொத்தானை அழுத்தியபோதெல்லாம் சாட்டிலைட் கருவி எழுந்து கரையோடு பேசியது. முதல் தடவை அது பேசியபோது இசக்கி விசில் அடித்தான். இஞ்ஞாசி சிலுவை போட்டுக்கொண்டார்.

கடைசியில் ஒரே ஒரு கேள்வி மிஞ்சியது.

தூங்கும் கருவி முதல் அழைப்புக்கு எழாவிட்டால், அதன் மின்சாரத்தை வெட்டி மறுபடி கொடுத்து எழுப்ப வேண்டுமா என்பது கேள்வி. கீழே விளக்கம் இருந்தது. சில கருவிகள் இப்படிச் செய்தால்தான் எழும். சில கருவிகள் இப்படிச் செய்தால் திரும்ப எழவே எழாது. எது எந்த ரகம் என்று வெளியில் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்கும் கீழே, கேள்வியை எழுதியவர் ஒரு வரி சேர்த்திருந்தார். சந்தேகமாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லவும்.

இஞ்ஞாசி சோதித்துப் பார்க்க முயன்றார். அவர் கையில் இருந்த கருவியோ முதல் அழைப்புக்கே எழுந்தது. எத்தனை முறை அழைத்தாலும் எழுந்தது. எழாமல் போனால்தானே அடுத்ததைப் பார்க்க முடியும்? அது எழாமல் போகவே இல்லை.

தடைக்காலம் முடிய ஒரு நாள் இருந்தது.

"டீச்சர், ஒரு கேள்விக்கு மட்டும் விடை தெரியலை."

டீச்சர் வந்து திரையைப் படித்தார். நிதானமாகப் படித்தார்.

"சந்தேகம்னா வேண்டாம்னு போடச் சொல்லி எழுதியிருக்கு" என்றார் இஞ்ஞாசி. "போட்டுரட்டுமா?"

"எழுதினவருக்கு உங்க மருமகனைத் தெரியுமா?"

"தெரியாது."

"அவருக்கு இந்தக் கடலைத் தெரியுமா?"

"அவர் எந்த ஊரோ!"

"நல்ல மனுஷனாத்தான் இருப்பாரு. தெரிஞ்சதைச் சொல்லியிருக்காரு" என்றார் டீச்சர்.

"அப்ப வேண்டும்னு போடவா?"

டீச்சர் திரையை மறுபடி படித்தார்.

"நீங்க எத்தனையோ பெட்டிக்கு எழுதியிருக்கீங்க. இந்தக் கேள்வி அதுலயும் வந்திருக்குமில்லா? நீங்க என்ன போட்டீங்க?"

"ஒண்ணுல வேண்டும்னு போட்டேன். ஒண்ணுல வேண்டாம்னு போட்டேன்."

"எது சரி?"

"தெரியாது அண்ணாச்சி."

இஞ்ஞாசி அவரை உற்றுப் பார்த்தார். விளையாடுகிறாரோ என்று நினைத்தார். டீச்சரின் முகத்தில் விளையாட்டு இல்லை.

சாயங்காலம்வரை அவர் அந்தக் கேள்வியின் முன்னால் உட்கார்ந்திருந்தார். பிறகு ஒரு பதிலைப் போட்டார். கர்னலைக் கட்டினார். பெட்டியில் ஏற்றினார். தன் கையாலேயே கொண்டுபோய்ச் சகாயராஜின் படகில் மாட்டினார். நான்கு திருகையும் தானே முறுக்கினார்.

*

மறுநாள் விடியற்காலையில் துறைமுகம் திருவிழா போல இருந்தது. இத்தனை நாள் கட்டிக்கிடந்த படகுகள் எல்லாம் ஒரே நேரத்தில் உறுமின. டீசல் புகை பனிபோல் நின்றது. பங்குத்தந்தை ஜெபம் சொல்லி, தண்ணீர் தெளித்துவிட்டுப் போனார்.

டீச்சர் தோணித்துறையின் ஓரத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தண்ணீர் பாட்டிலும் ஒரு தூக்குவாளியும் இருந்தன.

இஞ்ஞாசி அவரிடம் வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"ராத்திரி முழுக்க அந்தக் கேள்விதான் டீச்சர். மாத்திப் போட்டிருக்கலாமோன்னு தோணுது. மாத்திப் போட்டிருந்தா, இப்படிப் போட்டிருக்கலாமோன்னு தோணும்."

"ஆமா."

"தெரியாம விட்ட கேள்வியோட ஒரு படகை அனுப்பலாமா?"

"எல்லாம் தெரிஞ்சு அனுப்பின படகு எதையும் நான் பாத்ததில்ல அண்ணாச்சி."

"அப்ப மிச்சத்துக்கு நீங்க என்ன செய்வீங்க?"

"படகுல ஒரு இடம் கேப்பேன்."

இஞ்ஞாசி திரும்பினார். சகாயராஜ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். இஞ்ஞாசி படகின் பக்கம் போய் நின்றார்.

"மாப்பிள்ளை, நானும் வாரேன்."

"எங்கே?"

"கடலுக்கு."

சகாயராஜ் நிமிர்ந்து பார்த்தான். படகில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "மாமா, இந்தப் புகைக்கே உமக்கு நெஞ்சு இழுக்குது. வலையை இழுக்கவா, உம்மை இழுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடவா?"

"சிரிக்காதேயும். நான் எழுதின பெட்டி அது."

"அதான் மாட்டியிருக்கோம்ல. பிறகு என்ன?"

"அதுல எனக்குத் தெரியாதது ஒண்ணு இருக்கு."

சகாயராஜின் சிரிப்பு நின்றது. அவன் பெட்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டான்.

"மாமா, எஞ்சின்ல எனக்குத் தெரியாதது எவ்வளவோ இருக்கு. கடல்ல அதைவிட இருக்கு. உம்ம பொத்தானை நான் அழுத்தாம வந்துரணும்னு வேண்டிக்கிடும். அழுத்தினா அது எந்திரிக்கணும்னும் வேண்டிக்கிடும். சாயந்திரம் வந்துருவேன். வீட்டுக்குப் போய்க் கஞ்சி குடியும்."

படகு பின்வாங்கியது. திரும்பியது. மற்றப் படகுகளின் இடையே நுழைந்து துறைமுக வாயை நோக்கிப் போனது. அதன் சிவப்பு விளக்கு கொஞ்ச நேரம் தெரிந்தது. பிறகு எது அதனுடையது என்று தெரியவில்லை.

இஞ்ஞாசி டீச்சரிடம் திரும்பி வந்தார்.

"இடம் இல்லைன்னுட்டான் டீச்சர்."

"என்னை ஒரு படகுலயும் ஏத்தினதில்ல அண்ணாச்சி. பொம்பளையை ஏத்த மாட்டாங்க. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் கேப்பேன்."

"இல்லைன்னு சொன்ன பிறகு?"

டீச்சர் தூக்குவாளியை எடுத்து மறுபக்கம் வைத்தார். கல்லில் சற்று நகர்ந்தார்.

"உட்காருங்க அண்ணாச்சி" என்றார். "சாயந்திரம்தான் வருவாங்க."